சுடும் முன் அளப்போம்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக மேற்கே ஏறும் மலைச்சாலை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டம். அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம். இரு பக்கமும் ஏலத்தோட்டம் வைத்திருப்போரில் போடிக்காரர்கள் பலர் உண்டு. விடியுமுன் ஜீப்பில் ஏறி மேலே சென்று, பொழுது சாய இறங்கிவரும் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். இரவில் வந்து கன்றையும் கிழங்கையும் கிளறிப் போடும் காட்டுப்பன்றிக்கு மாநில எல்லை தெரியாது. அந்தப் பன்றியை யார், எங்கே, எந்த அனுமதியோடு சுடலாம் என்னும் விதி மட்டும் சோதனைச்சாவடியில் மாறிவிடுகிறது.

கேரள அரசு 2022 மே மாதம், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் ஒப்படைத்தது. உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கும் பொதுமக்களும் அந்தப் பணியில் ஈடுபடுத்தப்படுகிறார்கள். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டி வந்தால் வனத் துறையினரே சுடலாம். கேரளம் துப்பாக்கியைக் குடிமக்களின் கையில் விட்டது. தமிழ்நாடு அரசின் கையிலேயே வைத்துக்கொண்டது.

இவ்விரு கொள்கைகளைப் பற்றியும் நாளேடுகளிலும் சட்டமன்றங்களிலும் நிறைய விவாதம் நடந்திருக்கிறது. சுடலாமா, கூடாதா, யார் சுடுவது, எத்தனை கிலோமீட்டர் என்பனவே அந்த விவாதத்தின் எல்லை. எதைக் கொண்டு சுடுவது, அந்தக் குண்டு என்ன வேகத்தில் போகும், அந்த வேகம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்குமா என்னும் கேள்விகள் அரிதாகவே எழுகின்றன. பொருளியல் கற்பித்தவனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். அளக்கப்படாத ஒன்றை நம்பி எடுக்கப்படும் முடிவின் விலையை யார் கொடுக்கிறார் என்று கேட்பது பொருளியலின் அன்றாட வேலை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கையால் இடப்படும் மருந்து

நம் மலையோரங்களில் நாட்டுத் துப்பாக்கி என்று அழைக்கப்படுவது பெரும்பாலும் வாய்வழியே மருந்திடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஆலையில் செய்த தோட்டா இதற்குக் கிடையாது. ஒவ்வொரு முறையும் கரிமருந்தைக் குழலில் கொட்டி, அடைப்பு வைத்து இடித்து, ஈயக் குண்டுகளையோ பால்ரஸ் குண்டுகளையோ போட்டுச் சுட வேண்டும். மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் தோட்டாவில் கையால் மருந்து நிரப்புவதைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். நம் மலைகளில் அதே வேலை, அந்தக் கலையின் கருவிகளோ கணக்கோ இல்லாமல், தலைமுறைகளாக நடந்துவருகிறது.

கைப்பிடி அளவில் இடப்படும் மருந்து எப்போதும் ஒரே அளவாக இருக்காது. இடிக்கும் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். கரிமருந்தின் முக்கியக் கூறான வெடியுப்பு தூய்மையாக இல்லாவிட்டால் காற்றின் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு 1,300 மீட்டருக்கும் மேல். கீழே வெயிலில் காய்ந்த மருந்து, மேலே மழைமூட்டத்தில் இரண்டு இரவு இருந்தால் அதே மருந்தாக இராது. கீழே பாய்ந்த குண்டு மேலே தவழும்; அல்லது, ஈர மருந்துக்குப் பழகியவர் கூட்டிப் போட்ட அளவு, காய்ந்த நாளில் குழலையே பிளக்கும்.

இந்த மாறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. சத்தத்தை வைத்தும் புகையை வைத்தும் சொல்லப்படுவது அனுமானம்தான். அதைக் கண்டறிய ஒரு கருவி உண்டு. குரோனோகிராஃப் எனப்படும் வேகமானி அது.

நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு

குண்டின் வேகத்தை முதன்முதலில் நம்பகமாக அளந்தவர்களில் ஒருவர் ஆங்கிலேயக் கணிதவியலர் பெஞ்சமின் ராபின்ஸ். கனமான ஊசலில் குண்டைப் பாயச்செய்து, ஊசல் எவ்வளவு தூரம் அசைந்தது என்பதிலிருந்து வேகத்தைக் கணக்கிடும் முறையை 1742-இல் வெளியிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க அனுப்பப்பட்ட அவர், 1751-இல் நம் சோழமண்டலக் கரையில்தான் இறந்தார். 1860-களில் பெல்ஜிய இராணுவ அதிகாரி லெ பூலாஞ்சே மின்காந்தத்தைப் பயன்படுத்தினார். குண்டு முதல் கம்பியை அறுத்ததும் ஒரு நீண்ட தண்டு விழத் தொடங்கும். இரண்டாம் கம்பியை அறுத்ததும் ஒரு கத்தி அந்தத் தண்டில் கீறும். தண்டு எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதே கடந்த நேரத்தின் அளவு.

இன்றைய எளிய வேகமானி இன்னும் நேரடியானது. இரண்டு ஒளி உணரிகள் குறித்த இடைவெளியில் வைக்கப்படுகின்றன. குண்டின் நிழல் முதல் உணரியைக் கடந்து இரண்டாவதைக் கடக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கருவி கணக்கிடுகிறது. உணரிகளுக்கு இடையே 60 சென்டிமீட்டர் என்று கொள்வோம். நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு அதைக் கடக்க நொடியின் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு போதும். அந்தச் சிறு நேரத்தை அளக்கும் கருவி இன்று சில ஆயிரம் ரூபாயில் தொடங்கிக் கிடைக்கிறது. அமெரிக்காவில் தாமே தோட்டா நிரப்பிக்கொள்ளும் இலக்குச் சுடுவோரிடமும் வேட்டைக்காரர்களிடமும் இது சாதாரணமாகக் காணப்படும் பொருள்.

அவர்கள் அதில் பார்ப்பது வேகத்தின் சராசரியை மட்டுமன்று. ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். இரண்டு பேர் ஐந்து முறை சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவரின் குண்டுகள் நொடிக்கு 380, 385, 390, 395, 400 மீட்டர் வேகத்தில் போகின்றன. இரண்டாமவரின் குண்டுகள் 320, 360, 390, 420, 460 மீட்டர் வேகத்தில் போகின்றன. இருவருக்கும் சராசரி 390 மீட்டர்தான். ஆனால் முதலாமவரின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே வேறுபாடு 20 மீட்டர். இரண்டாமவருக்கு 140 மீட்டர். குண்டின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும் என்பதால், இரண்டாமவரின் வலிய குண்டில் உள்ள ஆற்றல் அவருடைய மெலிந்த குண்டில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். முதலாமவருக்குத் தன் குண்டு எங்கே போகும், என்ன செய்யும் என்று தெரியும். இரண்டாமவர் சூதாடுகிறார்.

தனிநபர் வருமானத்தின் சராசரியைக் காட்டி வறுமை குறைந்துவிட்டது என்று சொல்பவரிடம் பரவலைக் கேட்கச் சொல்லி என் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். துப்பாக்கிக்கும் அதே பாடம் பொருந்துகிறது. ஆபத்து சராசரியில் இல்லை, பரவலில் இருக்கிறது.

அடிபட்ட பன்றியின் விலை

மெலிந்து போன குண்டு பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட காட்டுப்பன்றி புதருக்குள் புகுந்து கிடக்கும். மறுநாள் காலை அந்த வழியே செல்பவர் சுட்டவராக இருக்க வாய்ப்புக் குறைவு. காய் எடுக்கச் செல்லும் பெண்ணாகவோ, விறகு பொறுக்கும் முதியவராகவோ, வனக் காவலராகவோ இருப்பார். சுட்டதன் பலன் ஒருவருக்கு. பிழைத்த குண்டின் விலை வேறொருவருக்கு. ஒருவர் செயலின் செலவு அதில் பங்கில்லாதவர் தலையில் விழுவதைப் பற்றி ஆர்தர் பிகூ 1920-இல் விரிவாக எழுதினார். ஆலைப் புகையை எடுத்துக்காட்டாகச் சொல்லும் பாடப்புத்தகங்கள், நம் மலைச்சரிவில் அடிபட்டுக் கிடக்கும் பன்றியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விலை அதோடு முடிவதில்லை. வலுத்துப் போன மருந்து சுடுபவரின் கண்ணையும் கையையும் கொண்டுபோகும். குழலிலிருந்து எரிந்தபடியே வெளியே விழும் அடைப்புத் துணி, பங்குனி மாதக் காய்ந்த போதைப்புல்லில் என்ன செய்யும் என்பதைக் குரங்கணி மலையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று அங்கு மூண்ட காட்டுத்தீ மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைப் பறித்தது. அந்தத் தீக்கும் துப்பாக்கிக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தச் சரிவில் ஒரு பொறிக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அந்த நாள் காட்டிவிட்டது.

அரசின் துப்பாக்கி என்றால் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 அக்டோபரில் இதே தேனி மாவட்டத்தில், கூடலூர் அருகே வனப்பகுதியில், வனத் துறையினரின் துப்பாக்கிச்சூட்டில் ஒருவர் உயிரிழந்தார். அதன் நியாய அநியாயங்கள் இக்கட்டுரையின் பொருள் அல்ல. இரவில் காட்டோரத்தில் துப்பாக்கியைக் கையாள அனுமதிக்கப்படும் எவருக்கும், அவர் சீருடை அணிந்தவராயினும், பயிற்சியும் பதிவேடும் தேவை என்பதே அதிலிருந்து நாம் கொள்ள வேண்டியது.

துப்பாக்கியே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டால் சிக்கல் தீருமா? தீராது. சட்டபூர்வமான வழி அடைபடும் இடத்தில் அவுட்டுக்காயும் மின்வேலியும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்த கர்ப்பிணி யானை ஆற்றில் நின்றபடியே உயிர்விட்ட காட்சி உலகையே உலுக்கியது. பன்றிக்கு வைக்கப்படும் பொறி யானையையும் மாட்டையும் மனிதரையும் பிரித்தறியாது.

ஏலக்காய்ச் சந்தை சொல்லும் பாடம்

இதற்கெல்லாம் அளவீடு தீர்வாகுமா என்று ஐயுறுவோர் போடியின் சொந்த வரலாற்றைப் பார்க்கலாம். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் மின்னணு ஏலம் நடக்கும் இரண்டு இடங்களில் போடிநாயக்கனூர் ஒன்று. இடுக்கியின் புற்றடி மற்றொன்று. ஏலக்காயின் தரத்தைப் பார்வையால் மட்டும் எவரும் முடிவு செய்வதில்லை. காயின் பருமன் எத்தனை மில்லிமீட்டர், ஒரு லிட்டர் படியில் நிரப்பினால் எத்தனை கிராம் நிற்கிறது என்பவை வணிகத்தின் அடிப்படை. நிறம் நன்றாக இருந்தும் லிட்டர் எடை குறைந்தால் உள்ளே விதை முற்றவில்லை என்று பொருள். விலையும் அதற்கேற்பக் குறையும்.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்கே சந்தையை விட்டு விலகும் என்று ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-இல் எழுதிய கட்டுரை அவருக்கு 2001-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது. அதற்கு மருந்து இருவரும் நம்பும் ஓர் அளவுகோல். போடி வணிகர்கள் அதை நடைமுறையில் கண்டவர்கள். அவர்கள் கடையில் உள்ள தராசுக்கு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை உண்டு. ஒரு கிலோ ஏலக்காயில் 10 கிராம் குறைந்தால் கேட்க அதிகாரி இருக்கிறார். அதே ஊருக்கு மேலே, ஓர் உயிரைப் பறிக்கக்கூடிய குண்டு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கேட்க ஆள் இல்லை.

எல்லைகளை அளப்பதிலும் இந்த அலட்சியத்துக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. ஏலமலைக் காப்புக்காடு தொடர்பான வழக்கில், 1897-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அறிவிக்கை காடாக அறிவித்த பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே முக்கியப் பூசல். முன்னால் ஒரு 2 இருந்ததா இல்லையா என்பதைத் தீர்க்க நூற்றாண்டுக்குப் பின்னும் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கமும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் என்று கோப்பில் எழுதுவது எளிது. கொட்டகுடி, குரங்கணி போன்ற ஊர்களில் வயலின் ஓரமே காடு. அங்குள்ள விவசாயிக்கு 2025 கொள்கை தரும் நிவாரணம் சிறிது. மேற்கே சில கிலோமீட்டர் தள்ளி வேறொரு விதி நடைமுறையில் இருப்பதை அவர் நாள்தோறும் பார்க்கிறார்.

இறந்த பின் அளக்கும் அரசு

வேகமானியை வாங்கி ஒவ்வொருவரும் தம் துப்பாக்கியைச் சோதித்துக்கொள்ளட்டும் என்று நான் சொல்லவில்லை. நம் சட்டம் அதற்கு இடம் தரவில்லை, தரவும் வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமம் இன்றித் துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிப்பதையும் பழுதுபார்ப்பதையும் சோதிப்பதையும் தடைசெய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. துப்பாக்கி பெருகாத நாடாக இந்தியா இருப்பது நமக்கு நன்மை. அமெரிக்காவின் துப்பாக்கிப் பண்பாட்டை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அதன் அளவுகோலை மட்டும் கடன் வாங்கினால் போதும்.

அந்த அளவுகோல் நம் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் விந்தை. நீலகிரி அருவங்காட்டில் நூறாண்டுகளுக்கும் மேலாக இயங்கும் கார்டைட் தொழிற்சாலை, இராணுவத்துக்கு உந்துமருந்து செய்கிறது. 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் அங்கம். இராணுவத்துக்குச் செல்லும் உந்துமருந்து எதுவும் தொகுதி தொகுதியாக வேகச் சோதனைக்கு உட்படாமல் ஏற்கப்படுவதில்லை. தடய அறிவியல் ஆய்வகங்களிலும் இதே அளவீடு நடக்கிறது. கைப்பற்றப்பட்ட நாட்டுத் துப்பாக்கி உயிரைக் கொல்லத்தக்கதா என்னும் கேள்வி நீதிமன்றத்தில் எழும்போது, குண்டின் வேகத்தையும் ஆற்றலையும் அளந்து அறிக்கை தருகிறார்கள். ஒருவர் இறந்த பிறகு குண்டின் வேகத்தை அளக்கத் தெரிந்த அரசு, அதற்கு முன்பே அளக்கக் கூடாதா?

செய்யத்தக்கவை

முதலாவது, பன்றியைச் சுட அனுமதி பெறும் எவரும், இரு மாநிலங்களிலும், ஆலையில் தயாரித்த தோட்டாவை மட்டுமே பயன்படுத்த வேண்டும். கையால் மருந்திடும் துப்பாக்கிக்கு இந்தப் பணியில் இடம் தரலாகாது. நல்ல தோட்டா விலை கூடியது என்றால் அந்த விலையை அரசு ஏற்கட்டும். கொடுத்த தோட்டா எத்தனை, திரும்பி வந்த வெற்றுக்கூடு எத்தனை என்று கணக்குக் கேட்கவும் அதனால் வழி பிறக்கும்.

இரண்டாவது, உரிமம் பெற்ற துப்பாக்கிகள் ஒவ்வொரு தேர்தலின்போதும் காவல் நிலையங்களில் ஒப்படைக்கப்படுகின்றன. அந்த வழக்கத்தையே ஆண்டுச் சோதனையாக மாற்றலாம். மாவட்டத்துக்கு ஒரு வேகமானி, ஆயுதப்படை மைதானத்தில் ஒரு நாள், பயிற்சி பெற்ற இருவர். துப்பாக்கிக்கு ஐந்து முறை சுட்டு, வேகத்தையும் பரவலையும் பதிவேட்டில் எழுதினால் போதும். வரம்பைத் தாண்டிய துப்பாக்கிக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என்று விதி வகுக்கலாம். வேகமானி குழலின் அழுத்தத்தை நேரடியாகக் காட்டாது. ஆனால் வேகம் நிலையில்லாமல் துள்ளுவது அழுத்தமும் கட்டுக்குள் இல்லை என்பதற்கு எச்சரிக்கை.

மூன்றாவது, வனத் துறையின் சுடும் குழுக்கள் எத்தனை முறை சுட்டன, எத்தனை பன்றி விழுந்தது, எத்தனை காயத்தோடு தப்பியது, தப்பியதைத் தேடிக் கண்டார்களா என்னும் நான்கு எண்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கொன்ற கணக்கை மட்டும் வெளியிட்டால் அது வெற்றிப் பட்டியலாகிவிடும். தப்பியதன் கணக்கே கொள்கையின் உண்மையான தேர்வு.

நான்காவது, தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் ஒரே மேசையில் அமர்ந்து இந்த மலைத்தொடருக்குப் பொருந்தும் நடைமுறையை வகுக்க வேண்டும். வனவிலங்குச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பயிருக்குக் கேடு செய்யும் விலங்குகள் தொடர்பாக முடிவெடுக்கும் அதிகாரத்தை இரு மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர்களுக்கும் ஒன்றுபோலவே தந்திருக்கிறது. தேவை புதிய சட்டமன்று; ஒரு கூட்டமும் ஒரு பொதுப் பதிவேடும்தான்.

விலங்கு நேயம் கொண்டோர் இதைக் கொலைக்கான நுணுக்கம் என்று கருதலாம். அவர்களுடைய கவலையை மதிக்கிறேன். வேலியும் அகழியும் விரைவான இழப்பீடும் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஈனுக்குப் பல குட்டி போடும் காட்டுப்பன்றியைச் சுட்டே தீர்த்துவிடலாம் என்ற கணக்கும் பிழையானது. ஆனால் சுடுவதற்கான அனுமதி இரு மாநிலங்களிலும் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. அனுமதி இருக்கும்வரை, அரைகுறைக் குண்டால் மூன்று நாள் புதரில் துடித்துச் சாகும் விலங்குக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். அளவீட்டைக் கேட்பது அந்த விலங்கின் சார்பிலும்தான்.

விவசாயிகளும் இதை மற்றொரு கெடுபிடியாகப் பார்க்க வேண்டியதில்லை. தம் ஏலக்காயின் லிட்டர் எடையை அடுத்தவர் அளக்கும்போது அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. அந்த எண்தான் அவர்களுக்கு விலையைப் பெற்றுத் தருகிறது. துப்பாக்கியைக் கொண்டு பயிரைக் காக்கும் உரிமையை அவர்கள் கோருகிறார்கள் என்றால், அந்தக் கோரிக்கைக்கு வலுச்சேர்ப்பதும் ஓர் எண்ணாகவே இருக்கும். அந்த எண்ணைப் பெற்றுத் தரும் பொறுப்பு அரசினுடையது.

கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்.